லினக்ஸ் மின்டில் நான்கு கோளாறு: ஃபார்மட் செய்வதற்கு முன்

உங்கள் கேள்வியைச் சுருக்கினால் இப்படி வருகிறது. 2013ல் வாங்கிய லேப்டாப். விண்டோஸ் 10-க்கான ஆதரவு 2025 அக்டோபர் 14-உடன் நின்றுவிட்டதால், விண்டோஸை அப்படியே வைத்துக்கொண்டு பக்கத்தில் 30 ஜிபி ஒதுக்கி லினக்ஸ் மின்ட் என்ற இயங்குதளத்தைப் போட்டிருக்கிறீர்கள். வைஃபை தெரியவே இல்லை. திரும்ப விண்டோஸுக்குப் போனால் கடிகாரம் ஐந்தரை மணி நேரம் பின்னால் நிற்கிறது. டி டிரைவில் இருப்பதை லினக்ஸில் பார்க்க முடிகிறது, ஆனால் எதையும் சேமிக்க முடியவில்லை. அதனால் கல்யாண வீடியோ, போட்டோ என்று வேண்டியதையெல்லாம் லினக்ஸுக்குள் இருக்கும் ஹோம் ஃபோல்டருக்குக் காப்பி செய்துகொண்டீர்கள். நடுவில் இணையத்தில் கண்ட கட்டளைகள் சிலவற்றையும் போட்டுப் பார்த்தீர்கள். இப்போது பாஸ்வேர்டு போட்டால் திரை ஒரு நொடி கருத்து, மறுபடியும் பாஸ்வேர்டு கேட்கிறது. கடைசியாக, 'லினக்ஸ் என்றாலே இப்படித்தானா, எல்லாவற்றையும் ஃபார்மட் செய்துவிடட்டுமா?' என்று கேட்டிருக்கிறீர்கள்.

நீங்கள் கேட்டது நான்கு கோளாறுக்கு மருந்து. ஆனால் கேள்வியை இரண்டு தடவை படித்ததில், இவற்றில் இரண்டு ஒரே கோளாறு என்றுதான் எனக்குப் படுகிறது. பதினைந்து வருடமாகப் பள்ளிகளிலும் சிறு அலுவலகங்களிலும் லினக்ஸ் கணினிகளைப் பார்த்துக்கொள்வது என் வேலை. புதிதாக வருகிறவர்கள் கொண்டுவரும் கணினிகளில் முதல் கோளாறு சின்னதாக இருக்கும். அதைச் சுற்றிப்போக அவர்களே செய்த வேலையால் வந்த இரண்டாவதுதான் பெரிதாக இருக்கும். உங்கள் கதையும் அப்படித்தான் தெரிகிறது. எது உறுதி, எது என் ஊகம் என்று அங்கங்கே சொல்லிக்கொண்டே போகிறேன். இன்னொன்று: கட்டளைகளை இங்கே தமிழ் எழுத்தில் எழுதியிருக்கிறேன். கட்டளை அடிக்கும் ஜன்னலான டெர்மினலில் அவற்றை ஆங்கிலச் சிற்றெழுத்தில் அடிக்க வேண்டும், பெரிய எழுத்து என்று நான் சொல்லும் இடம் தவிர.

லாகினிலிருந்து தொடங்குவோம், ஏனென்றால் அது சரியாகாமல் மற்ற எதையும் தொட முடியாது. பாஸ்வேர்டு தப்பாக இருந்தால் மின்ட் தப்பு என்றே சொல்லும். உங்களுக்கு அப்படிச் சொல்லவில்லை. உள்ளே விட்டுவிட்டு, உடனே வெளியே தள்ளுகிறது. பாஸ்வேர்டு சரி, அதற்குப் பிறகு திறக்க வேண்டிய டெஸ்க்டாப்தான் எழவில்லை என்று பொருள். டெஸ்க்டாப் எழும்போது உங்கள் ஹோம் ஃபோல்டரில் சில சிறிய கோப்புகளை எழுதியாக வேண்டும். எழுத இடமில்லை என்றால் விழுந்துவிடும், லாகின் திரை திரும்ப வந்துவிடும். மின்ட் கேட்கும் குறைந்தபட்ச இடம் 20 ஜிபி. அவர்களே பரிந்துரைப்பது 100 ஜிபி. நீங்கள் கொடுத்தது 30. அதில் கல்யாண வீடியோவைக் கொட்டியிருக்கிறீர்கள். டிஸ்க் நிரம்பிவிட்டது என்பது என் ஊகம்தான், ஆனால் பந்தயம் கட்டச் சொன்னால் இதில்தான் கட்டுவேன்.

ஊகமா உண்மையா என்று இரண்டு நிமிடத்தில் தெரிந்துகொள்ளலாம். லாகின் திரையில் இருக்கும்போதே கன்ட்ரோல், ஆல்ட், எஃப்3 மூன்றையும் சேர்த்து அழுத்துங்கள். சில லேப்டாப்களில் எஃப்என் விசையையும் சேர்த்துப் பிடிக்க வேண்டியிருக்கும். கருப்புத் திரையில் வெறும் எழுத்தில் பயனர் பெயர் கேட்கும். பெயரை அடித்து என்டர், அப்புறம் பாஸ்வேர்டு. பாஸ்வேர்டு அடிக்கும்போது நட்சத்திரம், புள்ளி எதுவும் வராது. கீபோர்டு கெட்டுவிட்டது என்று நினைத்து இந்த இடத்திலேயே விட்டுவிட்டவர்களைப் பார்த்திருக்கிறேன். அது அப்படித்தான், அடித்து முடித்து என்டர் தட்டுங்கள். உள்ளே போனதும் டி, எஃப், ஒரு இடைவெளி, ஒரு சிறு கோடு, ஹெச் என்று அடியுங்கள். ஒரு அட்டவணை வரும். கடைசிப் பத்தியில் வெறும் சாய்கோடு ஒன்று மட்டும் இருக்கும் வரிதான் உங்கள் லினக்ஸ் பார்ட்டிஷன், அதாவது நீங்கள் ஒதுக்கிய அந்த 30 ஜிபி. அந்த வரியில் 100 சதவீதம் என்றும், மீதி இடம் பூஜ்யம் என்றும் இருந்தால் குற்றவாளி அகப்பட்டான். மொத்தத்தையும் பயன்படுத்தியதையும் கழித்துப் பார்த்தால் ஒன்றரை ஜிபி போல மிச்சம் வருகிறதே, பூஜ்யம் என்கிறதே என்று குழம்ப வேண்டாம். ஈஎக்ஸ்டி4 என்ற கோப்பு முறை வழக்கமாக 5 சதவீத இடத்தை நிர்வாகிக்கென்று ஒதுக்கி வைக்கும். சாதாரணப் பயனர் கணக்குக்கு அது கிடைக்காது.

நிரம்பியிருந்தால் உடனே வீடியோக்களை அழிக்கப் பாயாதீர்கள். கருப்புத் திரையில் அழிப்பது மீட்க முடியாத அழிப்பு. முதலில் 'சூடோ ஆப்ட் கிளீன்' என்று மட்டும் போடுங்கள். சூடோ என்றால் நிர்வாகி உரிமையோடு ஓட்டு என்று பொருள், ஆப்ட் என்பது மென்பொருள்களை நிறுவும் கருவி. அப்டேட்டுக்காக இறக்கி, நிறுவி முடித்தபின் சும்மா கிடக்கும் பொதிகளை அது துடைத்துவிடும். உங்கள் கோப்பு எதையும் தொடாது. சில நூறு எம்பி கிடைத்தாலே டெஸ்க்டாப் எழப் பெரும்பாலும் போதும். கன்ட்ரோல், ஆல்ட், எஃப்7 அழுத்தி லாகின் திரைக்குத் திரும்பி நுழைந்து பாருங்கள். நுழைந்த பிறகு, காப்பி செய்த வீடியோக்களின் அசல் டி டிரைவில் பத்திரமாக இருக்கிறதா என்று ஒன்றிரண்டைத் திறந்து பார்த்துவிட்டு, ஹோமில் இருக்கும் நகலை அழியுங்கள். அழித்தது குப்பைத்தொட்டிக்குத்தான் போகும், அதை காலி செய்தால்தான் இடம் திரும்பும். டைம்ஷிஃப்ட் என்ற கருவியைப் போட்டு ஸ்னாப்ஷாட், அதாவது இயங்குதளத்தின் காப்பு நகல், எடுத்திருந்தால் அதையும் பாருங்கள். அதே பார்ட்டிஷனிலேயே முதல் ஸ்னாப்ஷாட் எடுத்தால் அது ஏறக்குறைய இயங்குதளத்தின் அளவுக்கு இடம் தின்னும். 30 ஜிபியில் அது கட்டாது.

டிஎஃப் அட்டவணையில் இடம் தாராளமாக இருந்தால் என் ஊகம் தப்பு. அடுத்ததாகப் பார்க்க வேண்டியது ஹோம் ஃபோல்டரில் இருக்கும், புள்ளியில் தொடங்கும் எக்ஸ்அத்தாரிட்டி என்ற கோப்பு. இதில் எக்ஸ் மட்டும் பெரிய எழுத்து. பழைய பதிவுகளைப் பார்த்து, ஜன்னலில் திறக்கும் பயன்பாடுகளை சூடோ சேர்த்துத் திறந்திருந்தால் அந்தக் கோப்பு ரூட் என்ற நிர்வாகிக் கணக்கின் பெயருக்குப் போய்விட வாய்ப்பு உண்டு. அப்புறம் உங்கள் சொந்த வீட்டுக் கதவை நீங்களே திறக்க முடியாது. 'எல்எஸ் -எல்' போட்டு அந்தக் கோப்பின் பெயரைக் கொடுத்தால் உரிமையாளர் யார் என்று காட்டும். ரூட் என்று இருந்தால் அந்த ஒரு கோப்பை மட்டும் அழித்துவிடலாம், அடுத்த லாகினில் தானாகவே புதிதாக உருவாகும். இதுவும் இல்லையென்றால் நீங்கள் போட்ட கட்டளைகளில் ஏதோ ஒன்று வேறு எதையோ மாற்றியிருக்கிறது. அது என்ன என்று கட்டளைகளைப் பார்க்காமல் என்னால் சொல்ல முடியாது.

இனி டி டிரைவ். இதுதான் ஆணிவேர் என்று நினைக்கிறேன். விண்டோஸ் 8-லிருந்து ஃபாஸ்ட் ஸ்டார்ட்அப் என்று ஒன்று இருக்கிறது. ஷட்டவுன் கொடுத்தால் விண்டோஸ் முழுதாக அணைவதில்லை. தன் உள்நிலையை டிஸ்கில் எழுதி வைத்துவிட்டு அரைத்தூக்கத்தில் படுத்துக்கொள்கிறது. அடுத்த முறை சீக்கிரம் எழுவதற்காக. அது தூங்கும்போது டி டிரைவின் கணக்குப் புத்தகமும் பாதி திறந்தபடியே கிடக்கிறது. லினக்ஸ் வந்து பார்க்கிறது: இது வேறொருவர் எழுதிக்கொண்டிருக்கும் புத்தகம், நான் கை வைத்தால் இரண்டு கணக்கும் கெட்டுப்போகும். அதனால் படிக்க மட்டும் திறக்கிறது. சில பதிப்புகளில் திறக்கவே மறுத்துவிடும். இதைக் கோளாறு என்று சொல்லக்கூடாது, உங்கள் கோப்புகளுக்கு அது காவல் நிற்கிறது.

இதற்கு ஒரு நல்ல சோதனை உண்டு. விண்டோஸில் ரீஸ்டார்ட் கொடுத்தால் ஃபாஸ்ட் ஸ்டார்ட்அப் வேலை செய்யாது, முழுதாகவே அணையும். ஆகவே விண்டோஸிலிருந்து ரீஸ்டார்ட் கொடுத்து நேரே மின்டுக்கு வாருங்கள். டி டிரைவில் அப்போது எழுத முடிந்தால் காரணம் இதுதான், சந்தேகமே வேண்டாம். 'ஒரு நாள் சேமிக்கிறது, ஒரு நாள் சேமிக்கவில்லை' என்று பலர் சொல்வதன் மர்மமும் இதுவே. நிரந்தரமாகத் தீர்க்க, விண்டோஸில் கன்ட்ரோல் பேனல் போய், பவர் ஆப்ஷன்ஸ் திறந்து, பவர் பட்டன் என்ன செய்ய வேண்டும் என்ற பக்கத்தில் ஃபாஸ்ட் ஸ்டார்ட்அப் என்ற கட்டத்தில் இருக்கும் டிக்கை எடுத்துவிடுங்கள். கட்டம் மங்கலாக இருந்தால் அதே பக்கத்தில் மேலே இருக்கும் 'இப்போது மாற்ற முடியாதவற்றை மாற்று' என்கிற வரியைச் சொடுக்கினால் திறக்கும். இணையத்தில் இதற்கு என்டிஎஃப்எஸ்ஃபிக்ஸ் என்ற கருவியைச் சொல்வார்கள். அது விண்டோஸின் டிஸ்க் சோதனைக்கு மாற்று இல்லை. விண்டோஸ் கையிலேயே இருக்கும்போது அதன் டிரைவை விண்டோஸை வைத்தே சரிசெய்வதுதான் புத்தி.

ஆக, விண்டோஸில் ஒரு டிக். அதனால் டி டிரைவில் எழுத முடியவில்லை. எழுத முடியாததால் ஹோமுக்குக் காப்பி. காப்பியால் டிஸ்க் நிரம்பியது. நிரம்பியதால் லாகின் போச்சு. உங்கள் கணினியைப் பார்க்காமல் கட்டிய சங்கிலி இது, எந்தக் கண்ணி வேண்டுமானாலும் தப்பாக இருக்கலாம். ஆனால் மேலே சொன்ன இரண்டு சோதனைகளும் எதையும் மாற்றாதவை, வெறுமனே பார்ப்பவை.

கடிகாரத்தைப் பற்றி எனக்குச் சந்தேகமே இல்லை, ஏனென்றால் நீங்கள் சரியாக 'ஐந்தரை மணி நேரம்' என்று எழுதியிருக்கிறீர்கள். மதர்போர்டில் இருக்கும் கடிகாரத்தில் உள்ளூர் நேரம் ஓடுகிறது என்று விண்டோஸ் நம்புகிறது. அதில் உலகப் பொது நேரம் ஓட வேண்டும் என்பது லினக்ஸின் வழக்கம். லினக்ஸ் வந்து பொது நேரத்தை எழுதிவிட்டுப் போகிறது, விண்டோஸ் அதை இந்திய நேரம் என்று படிக்கிறது. இடைவெளி ஐந்தரை மணி. லினக்ஸில் 'டைம்டேட்சிடிஎல் செட்-லோக்கல்-ஆர்டிசி 1' என்று ஒரு முறை போட்டால் அதுவும் விண்டோஸ் வழிக்கு வந்துவிடும். அதற்குப் பிறகு வெறும் 'டைம்டேட்சிடிஎல்' போட்டால் இப்படி வைப்பது நல்லதல்ல என்று ஒரு எச்சரிக்கை வரும். அது பெரும்பாலும் கோடைக்காலத்தில் கடிகாரத்தை ஒரு மணி நேரம் முன்னே தள்ளும் நாடுகளுக்கானது. இந்தியாவிலும் இலங்கையிலும் அந்தப் பழக்கம் இல்லாததால் கவலைப்பட வேண்டாம்.

இடைவெளி ஐந்தரை மணியாக இல்லாமல், தேதியே பல வருடம் பின்னால் போயிருந்தால் கதை வேறு. ஒரு பள்ளியில் 'லினக்ஸ் அப்டேட்டே ஆவதில்லை, இணையமும் திறப்பதில்லை' என்று கூப்பிட்டார்கள். போய்ப் பார்த்தால் திரையின் மூலையில் 2010ம் ஆண்டு ஜனவரி 1. பிரவுசர் எந்தத் தளத்தைத் திறந்தாலும் பாதுகாப்பற்றது என்றது. தளங்களின் சான்றிதழ்கள் எல்லாம் அதன் கணக்குப்படி இன்னும் பிறக்கவே இல்லை. அப்டேட் கேட்டால் 'வெளியீட்டுக் கோப்பு இன்னும் செல்லுபடியாகவில்லை' என்ற எரர். அங்கே நான் ஒரு கட்டளையும் போடவில்லை. மதர்போர்டில் காசு அளவில் ஒரு பேட்டரி இருக்கும், சிஆர்2032 என்று கடையில் கேட்டால் கொடுப்பார்கள். அதை மாற்றி, தேதி வைத்தேன், தீர்ந்தது. அந்த எரரில் 'இன்னும் இத்தனை நாளுக்குச் செல்லாது' என்றே எழுதியிருந்தது. யாரும் படிக்கவில்லை, எரர் என்ற சொல்லோடு நிறுத்திவிட்டார்கள். உங்கள் லேப்டாப்பும் பழையது. என்றாவது தேதி பின்னால் போனால் முதலில் பேட்டரியை நினையுங்கள்.

வைஃபையைப் பற்றித்தான் எனக்கு உறுதி குறைவு. உங்கள் லேப்டாப்பில் எந்த நிறுவனத்தின் வைஃபை சில்லு இருக்கிறது என்று கேள்வியில் இல்லை, அது தெரியாமல் சொல்வது எல்லாம் குத்துமதிப்பு. டெர்மினலில் எல்எஸ்பிசிஐ என்று போட்டால் வரும் வரிகளில் நெட்வொர்க் கன்ட்ரோலர் என்ற வரியைத் தேடுங்கள். இன்டெல், ஏத்ரோஸ் என்றிருந்தால் பெரும்பாலும் லினக்ஸின் மையப் பகுதியான கர்னலிலேயே அந்தச் சில்லை இயக்கும் டிரைவர் இருக்கும். தெரியவில்லை என்றால் சுவிட்ச் அணைந்திருக்க வாய்ப்பு அதிகம். 'ஆர்எஃப்கில் லிஸ்ட்' போட்டுப் பாருங்கள். ஹார்டு பிளாக்டு என்பதற்கு நேரே 'யெஸ்' என்றிருந்தால் லேப்டாப்பின் ஓரத்தில் இருக்கும் சுவிட்சோ எஃப்என் விசையோ வைஃபையை அணைத்து வைத்திருக்கிறது. அதை மென்பொருளால் திறக்க முடியாது, கையால்தான் தள்ள வேண்டும். பிராட்காம் என்றிருந்தால் அந்தக் காலத்து லேப்டாப்களில் வழக்கமாக வரும் தலைவலி அது. அதன் டிரைவர் திறந்த மூலம் அல்ல. மின்ட் அதைத் தானாகப் போடாது, நீங்கள்தான் டிரைவர் மேனேஜரைத் திறந்து தேர்ந்தெடுக்க வேண்டும்.

டிரைவரை இறக்க இணையம் வேண்டும், இணையத்துக்கு டிரைவர் வேண்டும் என்று இங்கே எல்லோரும் முட்டிக்கொண்டு நிற்பார்கள். வழி உங்கள் கையில் இருக்கும் போன். யுஎஸ்பி வயரால் லேப்டாப்பில் செருகி, போனின் ஹாட்ஸ்பாட் அமைப்பில் யுஎஸ்பி டெதரிங்கை ஆன் செய்யுங்கள். ஆண்ட்ராய்டு போன் என்றால் லினக்ஸ் அதைக் கம்பி இணைப்பாகவே எடுத்துக்கொள்ளும், தனி டிரைவர் எதுவும் வேண்டாம். சார்ஜ் மட்டும் ஏற்றும் மலிவு வயராக இருந்தால் ஒன்றும் நடக்காது. டேட்டா வயராகப் பாருங்கள். டிரைவர் போடும்போது புதிதாக ஒரு பாஸ்வேர்டு வைக்கச் சொன்னால், உங்கள் லேப்டாப்பில் செக்யூர் பூட் என்ற தொடக்கப் பாதுகாப்பு ஆனில் இருக்கிறது என்று அர்த்தம். ரீஸ்டார்ட் ஆகும்போது நீலத் திரை ஒன்று வரும். பயந்து அப்படியே விட்டுவிட்டால் சில நொடிகளில் அது தானே போய்விடும், அப்புறம் டிரைவர் நிறுவியும் வேலை செய்யாது. அந்தத் திரையில் என்ரோல் எம்ஓகே என்பதைத் தேர்ந்து, அதே பாஸ்வேர்டைக் கொடுக்க வேண்டும்.

எதுவும் நடக்கவில்லை என்றால் சின்ன யுஎஸ்பி வைஃபை ஒன்று வாங்குவதுதான் மிச்சம். அதிலும் ஒரு வம்பு இருக்கிறது: பெட்டியின் மேல் ஒரே மாடல் பெயர் இருக்கும், உள்ளே சில்லு பதிப்புக்குப் பதிப்பு மாறியிருக்கும். திருப்பிக் கொடுக்க முடிகிற கடையில் வாங்குங்கள். லேப்டாப்புக்குள் இருக்கும் கார்டையே மாற்றலாம் என்றும் சிலர் சொல்வார்கள். சில நிறுவனங்களின் பழைய லேப்டாப்கள் தாங்கள் அங்கீகரித்த கார்டைத் தவிர வேறு எதையும் ஏற்காது, ஆகவே அதை நான் அவ்வளவாகப் பரிந்துரைப்பதில்லை.

நீங்கள் போட்ட கட்டளைகளைப் பற்றிக் கொஞ்சம் சொல்ல வேண்டும். இணையத்தில் கிடைக்கும் லினக்ஸ் குறிப்புகளில் பாதிக்கு மேல் பழையவை என்பது என் அனுபவம். ஜிகேசூடோ என்று தொடங்கினால் அந்தப் பதிவை அப்படியே மூடிவிடலாம். அந்தக் கருவியே மின்டுக்கு அடிப்படையான உபுண்டுவிலிருந்து எடுக்கப்பட்டுவிட்டது. லாக் கோப்பைப் பிடிக்க முடியவில்லை என்று ஆப்ட் சொன்னால் பின்னணியில் தானியங்கி அப்டேட் ஓடிக்கொண்டிருக்கிறது, பத்து நிமிடம் பொறுத்தால் முடிந்துவிடும். அந்த லாக் கோப்பை அழிக்கச் சொல்லும் பதிவுகள் ஏராளம். நடுவில் அழித்தால் பாதி நிறுவிய பொதிகளோடு மாட்டிக்கொள்வீர்கள். இவை எல்லாம்கூடத் தேறும். தேறாதது 777 என்ற எண்ணோடு வரும் சிஹெச்மோட். சிறு கோடு, பெரிய ஆர் சேர்த்து, வெறும் சாய்கோட்டின் மேல் அதைப் போட்டிருந்தால் கணினியில் இருக்கும் எல்லாக் கோப்புகளின் அனுமதிகளும் ஒன்றுபோல ஆகியிருக்கும். அதை ஒவ்வொன்றாகத் திருத்துவதைவிட மறுபடி நிறுவுவது சுலபம். என்ன போட்டீர்கள் என்று நினைவில்லையா? டெர்மினலில் ஹிஸ்டரி என்று அடியுங்கள், நீங்கள் போட்டதெல்லாம் வரிசையாக வரும்.

ஃபார்மட் செய்யலாமா என்றால், மேலே சொன்ன 777 கதை நடந்திருந்தால் செய்யுங்கள், அதில் கௌரவக் குறைவு ஒன்றும் இல்லை. பென்டிரைவிலிருந்து மின்டை நிறுவாமல் லைவாக ஏற்றி, வேண்டிய கோப்புகளை வெளியே எடுத்துக்கொண்டு, லினக்ஸ் பார்ட்டிஷனை மட்டும் அழித்துப் புதிதாகப் போடுங்கள். அரை மணி, முக்கால் மணி நேர வேலை. இந்த முறை விண்டோஸின் டிஸ்க் மேனேஜ்மென்டில் இருந்தே இடத்தைச் சுருக்கி 60 ஜிபியாவது கொடுங்கள். அதற்கு முன் விண்டோஸின் டிஸ்க் பூட்டான பிட்லாக்கர் ஆனில் இருக்கிறதா என்று பார்த்து, இருந்தால் மீட்புச் சாவியைத் தாளில் எழுதி வையுங்கள். 777 போடவில்லை என்றால் ஃபார்மட் தேவையே இல்லை. டிக்கை எடுக்காமல் ஃபார்மட் செய்தால் டி டிரைவ் அன்றைக்கும் எழுத விடாது.

'லினக்ஸ் என்றாலே இப்படித்தானா' என்பதற்குப் பாதி ஆமாம் என்றுதான் சொல்வேன். லேப்டாப் தயாரித்தவர் விண்டோஸுக்கு டிரைவர் எழுதிக் கொடுத்திருப்பார். லினக்ஸுக்கு யாரோ பிற்பாடு எழுதியிருக்க வேண்டும். வைஃபை அந்த வகை. மற்ற மூன்றும் இரண்டு இயங்குதளங்களை ஒரே வீட்டில் குடிவைத்ததால் வந்தவை. டேலி மாதிரி விண்டோஸை விட்டு நகராத வேலை இருந்தால் இந்தக் கூட்டுக்குடித்தனம் தொடரத்தான் வேண்டும், இல்லையென்றால் ஆறு மாதத்தில் விண்டோஸை நீங்களே மறந்துவிடக்கூடும். அடுத்த வாரம் நீங்கள் கேட்கப்போவதையும் இப்போதே சொல்லிவிடுகிறேன்: பழைய பாமினி எழுத்துருவில் அடித்த ஆவணங்கள் மின்டில் ஆங்கிலக் கிறுக்கலாகத் தெரியும். கோப்பு கெடவில்லை. அந்த எழுத்துரு இல்லாததால் அப்படித் தெரிகிறது. எழுத்துருவை நிறுவினாலோ யூனிகோடுக்கு மாற்றினாலோ சரியாகிவிடும்.

இப்போதைக்கு வைஃபையை மறந்துவிட்டு அந்த டிஎஃப் கட்டளையைப் போட்டு, சாய்கோட்டில் முடியும் அந்த ஒரு வரியை அப்படியே எழுதி அனுப்புங்கள். உள்ளே நுழைய முடிந்துவிட்டால் எல்எஸ்பிசிஐ வரியையும் ஹிஸ்டரியையும் சேர்த்து அனுப்புங்கள். திரையை போனில் படம் எடுத்து அனுப்ப வேண்டாம், எழுத்தாக வேண்டும். பாஸ்வேர்டு ஏதாவது ஹிஸ்டரியில் விழுந்திருந்தால் அனுப்புவதற்கு முன் அந்த வரியை எடுத்துவிடுங்கள்.